நாவடக்கத்தில் பிறந்த நாதம்

நாவை அடக்கிப் பழக வேண்டும் என்பது நம் இல்லங்களில் பெரியோர் ஓயாது சொல்லிவந்த அறிவுரை. சொல்லில் நாவடக்கம் வேண்டும் என்பதை மறுப்பார் எவருமிலர். ஆயின் இசையிலும் நாவடக்கம் என ஒன்று உண்டு; அது ஐரோப்பியச் சிற்றூர் ஒன்றின் கைவினைஞரிடையே வளர்ந்து, கடல் கடந்து, ஒடுக்கப்பட்ட மக்களின் குரலாக மாறியது என்று சொன்னால் நம்மில் பலர் வியப்புறக்கூடும்.

நாம் சொல்லவந்தது மவுத் ஆர்கனைப் பற்றி. ஹார்மோனிகா என்பது அதன் முறையான பெயர். திருவிழாக் கடைகளில் ஊதல்களுக்கும் பலூன்களுக்கும் நடுவே அது கிடப்பதைக் கண்டிருக்கிறோம். குழந்தை அழுதால் வாங்கிக் கொடுப்போம். இரண்டு நாள் ஊதிவிட்டு அது மூலையில் எறியும். இதில் கற்பதற்கு என்ன இருக்கிறது என்பதே நம் எண்ணமாக இருந்தது. இக்கருவியில் தேர்ந்தோர் தம் நாவினால் துளைகளை அடைத்தும் திறந்தும் இசைக்கும் நுட்பம் ஒன்று உண்டு என்பதை அறிந்த பின்னரே அந்த எண்ணம் மாறிற்று. 'டங் பிளாக்கிங்' என வழங்கும் அம்முறையை இக்கட்டுரையில் 'நாவடைப்பு' என்றே குறிப்போம். அதன் வரலாற்றைத் தேடிச் சென்றபோது, ஒலிப்பதைவிட ஒலியாமல் நிறுத்துவதில் எத்துணை கலை அடங்கியிருக்கிறது என்பதை உணர்ந்தோம்.

குரல் நாக்குகள்

ஆலயப் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிப்போர் 'ரீடு' என்னும் சொல்லை நன்கறிவர். மெல்லிய பித்தளைத் தகடு அது. அதன் ஒரு முனை இறுகப் பொருத்தப்பட்டிருக்கும். மறு முனை ஒரு சிறு பிளவினூடே தடையின்றி அதிரும். காற்றுப் பட்டதும் நாதம் எழும்பும். ஆர்மோனியத்துக்குத் துருத்தி காற்றைத் தருகிறது. மவுத் ஆர்கனுக்கு மனிதரின் மூச்சே துருத்தி. மற்றபடி இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

அக்குடும்பத்தின் மூதாதை சீனாவில் இருக்கிறது. 'ஷெங்' எனப்படும் அப்பழங்கருவியில் மூங்கில் குழாய்கள் ஒரு கிண்ணத்தின்மீது நட்டுவைத்தாற்போல நிற்கும். ஊதினாலும் உறிஞ்சினாலும் அது ஒலிக்கும். பெய்ஜிங்கில் பல்லாண்டுகள் பணியாற்றிய பிரெஞ்சு இயேசு சபைக் குருவானவர் ழான் ஜோசப் மாரி அமியோ (1718–1793) சீன இசையைக் கருத்தூன்றிக் கற்று அதுபற்றி நூல் எழுதியவர். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிசுக்கு ஷெங் கருவிகளை அனுப்பிவைத்தவரும் அவரே. மறைபரப்பச் சென்ற நாட்டின் இசைக்குச் செவிசாய்த்த அக்குருவானவரை இங்கு நன்றியோடு நினைக்கிறோம்.

தடையின்றி அதிரும் ரீடுகளைக் கொண்டு புதுக் கருவிகள் செய்யும் ஆர்வம் ஐரோப்பியக் கைவினைஞரிடையே பரவியது. 1820களில் ஜெர்மன் மொழி வழங்கும் நாடுகளில் வாயால் ஊதும் சிறு கருவிகள் செய்யப்பட்டன. ஜெர்மன் மொழியில் ரீடுக்கு வழங்கும் பெயரின் பொருள் 'குரல் நாக்கு' என்பதாகும். பின்னாளில் நிலைபெற்ற பத்துத் துளை மவுத் ஆர்கனில் இத்தகைய நாக்குகள் இருபது உண்டு. அந்த இருபது உலோக நாக்குகளையும் மனிதரின் ஒற்றை நாக்கு எவ்வாறு ஆண்டது என்பதே நாம் சொல்லவந்த கதை.

கடிகாரக்காரரின் பட்டறை

ஜெர்மனியின் தென்மேற்கே, கருங்காடு என்னும் மலைப்பகுதிக்கு அருகில் டிரோசிங்கன் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே பிறந்த மத்தியாஸ் ஹோனர் (1833–1902) கடிகாரத் தொழில் பயின்றவர். 1857ஆம் ஆண்டில் அவர் மவுத் ஆர்கன் செய்யத் தொடங்கினார். முதலாண்டில் அவர் பட்டறையில் உருவானவை 650 கருவிகள். முப்பது ஆண்டுகளில், அதாவது 1887 அளவில், அந்தத் தொகை ஆண்டுக்குப் பத்து இலட்சத்தைத் தாண்டியது. டிரோசிங்கனிலும் சுற்றுப்புற ஊர்களிலும் வீடுகளிலேயே பெண்களும் சிறுவரும் இத்தொழிலில் ஈடுபட்டனர். உழவர் குடும்பங்களுக்குக் குளிர்காலக் கூலி அதனால் கிடைத்தது.

கருவிகளில் பெரும்பங்கு அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து அமெரிக்காவுக்குச் சென்றது. 1896ஆம் ஆண்டில் வெளிவந்த 'மெரைன் பேண்ட்' என்னும் வகை இன்றளவும் புகழோடு விளங்குகிறது. பேரி மரத்தில் சீப்புப்போல் பற்கள் செதுக்கி, இருபுறமும் ரீடு பதித்த பித்தளைத் தகடுகளை ஆணியடித்து, மேலே தகர மூடி போட்ட எளிய கருவி அது. சட்டைப் பையில் அடங்கும், விலையும் குறைவு. பியானோவைக் கனவிலும் வாங்க இயலாத ஏழைக்கும் அது எட்டியது.

சுரங்களின் அடைவு

இக்கருவியில் சுரங்கள் அமைந்த வகையை அறிந்துகொண்டாலன்றி நாவடைப்பின் தேவை விளங்காது. ஆதலின் சற்றுப் பொறுமையோடு நோக்குவோம்.

பத்துத் துளைகளில் ஒவ்வொன்றிலும் இரண்டு ரீடுகள். ஒன்று ஊதும்போதும் மற்றொன்று மூச்சை உள்ளே இழுக்கும்போதும் ஒலிக்கும். நம் சுரப்பெயர்களில் சொன்னால், ஊதும் சுரங்கள் இடமிருந்து வலமாக ச, க, ப. மீண்டும் ச, க, ப என மும்மூன்றாக வரும். உள்ளே இழுக்கும் சுரங்கள் ரி, ப, நி, ரி, ம, த, நி, ரி, ம, த. 'ரிக்டர் அமைப்பு' என்று இதற்குப் பெயர்.

இசையறிந்தோர் இதில் ஒரு குறையை உடனே காண்பர். கீழ்ப்பகுதியில் 'ம'வும் இல்லை, 'த'வும் இல்லை. நடுப்பகுதியில் மட்டுமே ஏழு சுரங்களும் முறையாக நிற்கின்றன. இது செய்தவர் மறதியன்று. முதல் நான்கு துளைகளில் மூச்சை உள்ளே இழுத்தால் ரி, ப, நி, ரி ஆகியவை ஒருங்கே ஒலிக்கும். ஊதினால் ச, க, ப, ச. மேலை இசைக்கு முதுகெலும்பாக விளங்கும் இரு சுரக்கூட்டுகள் இவை. அவற்றை இடப்புறத்தில் முழுமையாக வைக்கவேண்டியே இரு சுரங்கள் பலி கொடுக்கப்பட்டன. வலப்புறம் பாட்டுக்கு, இடப்புறம் துணைக்கு எனப் பங்கிட்டுச் செய்த கருவி இது.

குழந்தை எப்படி ஊதினாலும் இனிமையாகவே ஒலிப்பதற்கும் இதுவே காரணம். அடுத்தடுத்த ஊதுசுரங்கள் ஒன்றோடொன்று பகைப்பதில்லை. ஆனால் பாட்டு வேண்டுமானால் ஒரு துளையை மட்டும் தனித்து ஒலிக்கச் செய்ய வேண்டும். அதற்கு வழிகள் இரண்டு. உதடுகளைக் குவித்து ஒரே துளையில் வைத்து ஊதுவது ஒன்று. வாயை அகலத் திறந்து நான்கு துளைகளைக் கவ்விக்கொண்டு, இடப்புறத்து மூன்றையும் நாவால் மூடி, வலக்கோடித் துளையை மட்டும் ஒலிக்க விடுவது மற்றொன்று. இரண்டாவதே நாவடைப்பு.

ஒரு சுரத்துக்காக மூன்று துளைகளை மூடுவது வீண்வேலையாகத் தோன்றலாம். ஆனால் மூடிய நாவை எடுக்கவும் முடியும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். வலப்புறத் துளையில் பாட்டு தொடர்ந்து ஒலித்துக்கொண்டிருக்க, தாளத்துக்கேற்ப நாவைச் சற்றே விலக்கி மீண்டும் வைத்தால், இடப்புறத்துச் சுரக்கூட்டு 'தும் தும்' என்று துணைசெய்யும். பாடுவோரும் பக்கவாத்தியக்காரரும் ஒரே வாயில் அமர்ந்துவிடுவர். நாட்டுப்புற நடனப் பாடல்களுக்கு வேறு துணை தேவைப்படவில்லை. அந்நாளில் பழகுவோருக்கென அச்சிட்ட எளிய கையேடுகள் நாவடைப்பைக் கற்பித்ததில் வியப்பில்லை. கருவியின் சுர அடைவே அதை எதிர்பார்த்து நின்றது.

இன்னொரு நயமும் உண்டு. நாவை நடுவில் வைத்து இரண்டு துளைகளை மட்டும் மூடினால் இரு கோடிகளிலும் உள்ள துளைகள் ஒலிக்கும். முதல் துளையிலும் நான்காம் துளையிலும் ஊதினால் கீழ்ச் சட்சமமும் மேல் சட்சமமும் ஒன்றாய் எழும். ஒருவர் ஊதுவது இருவர் ஊதுவதாகத் தோன்றும். ஊதும் சுரங்களுக்கெல்லாம் இந்த அகலமே போதும். உள்ளிழுக்கும் சுரங்களிலோ முதல் 'ரி'க்கு மட்டுமே நான்கு துளை அகலம். மேலே செல்லச் செல்ல நி, ரி, ம, த ஆகியவற்றின் இணைகள் ஐந்து துளை அகலத்தில் நிற்கின்றன. வாய் அதற்கேற்ப விரிய வேண்டும். நாவும் மூன்று துளைகளை மூடுமாறு பரவ வேண்டும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கையிலேயே இம்மாற்றம் நிகழ்ந்தாக வேண்டும்.

துணை தலைமையேற்ற கதை

ஜெர்மன் கிராமத்து நடனப் பாட்டுக்கென்று செய்த கருவி அமெரிக்காவின் தென்மாநிலங்களை அடைந்தபோது அதன் வாழ்வே மாறிற்று. அடிமைத்தளையிலிருந்து 1865ஆம் ஆண்டில் சட்டப்படி விடுதலை பெற்றும், நிலமும் உரிமையும் பெறாத கறுப்பின மக்கள் அங்கே வாழ்ந்தனர். பருத்திக் காடுகளில் குத்தகைக்கு உழைத்த அவர்களின் கைக்கு மவுத் ஆர்கன் எட்டியது. அவர்கள் அதைச் செய்தவர் நினைத்தவாறு வாசிக்கவில்லை.

செய்தவர் வகுத்தபடி 'ச' ஆதாரம். 'ப'வைச் சார்ந்த சுரக்கூட்டு வெறும் துணை. கறுப்பினக் கலைஞர்கள் 'ப'வையே ஆதார சுருதியாகக் கொண்டனர். நம் இசை மரபில் கிரக பேதம் என்று சொல்கிறோமல்லவா, அதற்கு ஒப்பான செயல் அது. சங்கராபரணத்தின் பஞ்சமத்தை ஆதாரமாக்கினால் அரிகாம்போதி பிறக்கும். ஏறத்தாழ அத்தகைய மாற்றமே மவுத் ஆர்கனிலும் நிகழ்ந்தது. இதனால் மூச்சை உள்ளே இழுக்கும் கூட்டே தாயகமாயிற்று. உள்ளிழுக்கும் சுரங்களை வாயின் உட்குழிவை மாற்றிக் கீழே வளைக்கவும் முடிந்தது. கமகம்போல் குழைந்து இறங்கும் அந்த ஒலியில் அழுகையும் ஏக்கமும் கேட்டன. துணைக்கு நின்ற சுரக்கூட்டு தலைமையேற்றது. 'புளூஸ்' என்னும் துயரிசைக்கு மவுத் ஆர்கன் இவ்வாறு உரியதாயிற்று.

டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த டிஃபோர்டு பெய்லி (1899–1982) என்னும் கறுப்பினக் கலைஞரை இங்கு நினைக்க வேண்டும். சிறுவயதில் இளம்பிள்ளைவாதத்தால் வாடியவர். ஓடும் புகைவண்டியின் ஓசையைச் சுரக்கூட்டுகளாலேயே படைத்துக் காட்டி, நாஷ்வில் நகரின் 'கிராண்ட் ஓல் ஓப்ரி' வானொலி நிகழ்ச்சியில் 1920களில் பெரும்புகழ் பெற்றார். 1941ஆம் ஆண்டில் அந்நிகழ்ச்சியிலிருந்து அவர் நீக்கப்பட்டார். அதன்பின் காலணிக்கு மெருகிடும் கடை வைத்துப் பிழைத்தார். 2005ஆம் ஆண்டில், அவர் மறைந்து இருபத்து மூன்று ஆண்டுகள் கழிந்த பின், அமெரிக்க நாட்டுப்புற இசைக்கான புகழவையில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. மனிதரைப் புறக்கணிப்பதும் பின்னர் பொன்னெழுத்தில் பொறிப்பதும் உலகின் வழக்கமாகவே இருக்கிறது.

சிக்காகோ நகரின் குரல்

வேலை தேடியும் இழிவிலிருந்து விடுதலை தேடியும் தென்மாநிலங்களிலிருந்து இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கே புறப்பட்டனர். சிக்காகோ அவர்களுள் பலரை ஏற்றது. லூசியானாவின் மார்க்ஸ்வில் என்னும் ஊரில் 1930இல் பிறந்த மரியன் வால்டர் ஜேக்கப்ஸ் என்பவரும் அவர்களில் ஒருவர். சிறுவனாகவே வீட்டைவிட்டு வெளியேறி, ஊர் ஊராக வாசித்துத் திரிந்து, இளைஞராகச் சிக்காகோவை அடைந்தார். அங்கே மேக்ஸ்வெல் தெருச் சந்தையில் வாசித்தார். 'லிட்டில் வால்டர்' என்னும் பெயரால் உலகம் அவரை அறிந்தது.

மின்சாரக் கித்தார்களின் பேரொலிக்கு நடுவே மவுத் ஆர்கன் அமுங்கிப்போகும். வால்டர் ஒரு சிறு ஒலிவாங்கியைக் கருவியோடு சேர்த்து இரு கைகளாலும் பொத்திப் பிடித்து வாசித்தார். கருவியின் ஒலி தடித்துப் பெருகி, சாக்சபோனுக்கு நிகராக எழுந்தது. 1952ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் அவர் பதிவுசெய்த 'ஜூக்' என்னும் இசைத்தட்டு, கறுப்பின மக்களிடையே வழங்கிய இசைக்கான 'பில்போர்டு' விற்பனைப் பட்டியலில் எட்டு வாரம் முதலிடத்தில் நின்றது. பாட்டுவரி ஒன்றும் இல்லாமல், மவுத் ஆர்கனை முன்னிறுத்திய இசைக்குக் கிடைத்த பெரும்பேறு அது.

அந்தத் தடித்த ஒலிக்கு ஒலிபெருக்கி மட்டுமே காரணம் என்று பலர் நினைத்தனர். கூர்ந்து கேட்டோர் வேறொன்றை உணர்ந்தனர். ஒவ்வொரு சுரமும் எழும் கணத்தில், இமைப்பொழுதுக்கும் குறைவாக, ஒரு சுரக்கூட்டு முன்னே மின்னி மறைகிறது. நாவை எடுத்த நிலையில் மூச்சைத் தொடங்கி, உடனே துளைகளின்மேல் நாவைத் தட்டி அடைக்கும்போது விளைவது அது. இடையிடையே இரட்டைச் சட்சமங்கள் போன்ற விரிந்த ஒலிகள். அவையும் நாவின் வேலையே. ஜெர்மன் நடனப் பாட்டுக்குத் தாளம் போட்ட அதே நாவடைப்பு, சிக்காகோவில் துயரத்துக்கு உடல் கொடுத்தது. வால்டரைப் போலவே பிக் வால்டர் ஹார்ட்டன், ஜார்ஜ் ஸ்மித் ஆகியோரும் இக்கலையில் சிறந்து விளங்கினர்.

கண் காணாத கலை

கித்தார் கலைஞரின் விரல்களை எதிரே அமர்ந்து பார்த்துக் கற்கலாம். வயலினின் வில்லைப் பார்க்கலாம். நாவடைப்பை எவ்வாறு பார்ப்பது? அது வாய்க்குள் நிகழ்கிறது. வாயையும் கருவி மறைக்கிறது. கருவியையும் கைகள் மறைக்கின்றன. வால்டர் வாசிப்பதைக் காட்டும் படச்சுருள் ஒருசிலவே. அவற்றிலும் நாவின் செயல் தெரியப்போவதில்லை. இசைத்தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, இந்த ஒலி இவ்வாறுதான் பிறந்திருக்க வேண்டும் என உய்த்துணர்ந்தே பின்வந்தோர் கற்க வேண்டியதாயிற்று.

நாமும் இம்முறையைப் பழக முயன்றோம். ஏற்கெனவே உதடு குவித்து ஓரளவு வாசிக்கத் தெரியும் என்னும் செருக்கு நம்மிடம் இருந்தது. நாவடைப்பைத் தொட்டவுடன் அச்செருக்கு அகன்றது. நாவை வைத்தால் மூச்சு நின்றது. மூச்சை விட்டால் இடப்புறத்துத் துளையிலிருந்து வேண்டாத சுரம் கசிந்தது. நாவின் நுனியால் அழுத்தி மூடப் பார்த்தோம், நுனி புண்ணாயிற்று. ஈரத்தில் ஊறிப் புடைத்த மரப்பற்கள் உரசிய எரிச்சல் வேறு.

நமக்கு வழிகாட்டிய பெரியவரிடம் முறையிட்டோம். "நாவை எங்கே வைப்பது என்று காட்டுங்கள் ஐயா" என்றோம். அவர் சிரித்தார். "காட்டுவதற்கு என்ன இருக்கிறது? வாயைத் திறந்து காட்டினால் வாசிப்பு நின்றுவிடும். திரும்பி உட்கார்ந்துகொள்ளுங்கள். நான் வாசிக்கிறேன், நீங்கள் கேளுங்கள்" என்றார். நாம் சுவரைப் பார்த்தபடி அமர்ந்தோம். முதலில் தனிச் சுரம் ஒன்றை நீளமாக இழுத்தார். பின்னர் அதனடியில் சுரக்கூட்டு எழுவதும் அடங்குவதுமாக இருந்தது. "எழும்போது நாக்கு விலகுகிறது, அடங்கும்போது அமர்கிறது. அழுத்தாதீர்கள், தூங்கும் குழந்தைமேல் கைவைப்பதுபோல் வையுங்கள்" என்றார்.

அந்தச் சொல்லில் பாடம் முடிந்துவிட்டது. பழக்கம்தான் மாதக்கணக்கில் நீண்டது. நாவின் நுனியைச் சற்றுக் கீழே சாய்த்து, அதன் மேற்பரப்பு துளைகளின்மேல் தளர்வாகப் படியும்படி விட்டோம். மூச்சை வாயிலிருந்தன்றி வயிற்றிலிருந்து எடுத்தோம். கசிவு மெல்லமெல்ல நின்றது. ஒரு நாள் நான்காம் துளையின் 'ச' தூய்மையாக எழுந்தது. நாவை விலக்கினோம், ச, க, ப, ச என நான்கும் ஒருங்கே ஒலித்தன. மீண்டும் வைத்தோம், ஒற்றைச் சுரம் விளங்கி நின்றது. சின்னஞ்சிறு செயல். ஆயினும் அன்று நமக்கு அது திருநாளாகவே இருந்தது.

உதடு குவிக்கும் முறையைத் தாழ்த்திச் சொல்வது நம் நோக்கமன்று. அம்முறையிலும் மாமேதைகள் இருக்கிறார்கள். விரைந்த இசைக்கும் சுரங்களை வளைப்பதற்கும் அது எளிதாகக் கைவரும் என்பர். தேர்ந்தோர் பலர் இரண்டையும் கலந்தே வாசிக்கின்றனர். நாவடைப்பு கற்பித்த பாடம் வேறு. நாவடக்கம் என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பதே என்று நாம் எண்ணியிருந்தோம். மூடியே இருக்கும் நாவினால் பாட்டுக்குத் துணை கிடைப்பதில்லை. திறந்தே கிடக்கும் வாயினால் பாட்டே கிடைப்பதில்லை. காலமறிந்து அமர்வதும் காலமறிந்து விலகுவதுமே அடக்கம். மறைந்திருக்கும் மூன்று சுரங்கள் இறந்துவிடவில்லை. அவை தம் முறைக்காகக் காத்திருக்கின்றன.

லிட்டில் வால்டர் 1968ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள், தெருச் சண்டையொன்றில் அடிபட்ட பின், தம் முப்பத்தேழாம் வயதில் உயிர்நீத்தார். குடியும் சினமும் அவர் வாழ்வைக் குலைத்திருந்தன. கருவிமேல் அத்துணை அடக்கம் காட்டிய அந்த நா, வாழ்வில் அவ்வாறு அடங்கியதா என்று கேட்டால் நமக்கு விடையில்லை. தீர்ப்பிடுவது நம் பணியுமன்று. சிக்காகோவை அடுத்த எவர்கிரீன் பார்க் என்னும் ஊரில், புனித மரியா பெயர் தாங்கிய கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். இருபத்து மூன்று ஆண்டுகள் அக்கல்லறைமேல் பெயர் பொறித்த கல்கூட இல்லை. 1991ஆம் ஆண்டில்தான் அவர் இசையை நேசித்தோர் ஒரு கல்லை நாட்டினர்.

அவர் எங்கே கிடக்கிறார் என்பதைக் காட்ட அடையாளம் இல்லாதிருந்த அந்த ஆண்டுகளிலும், எங்கோ ஓர் அறையில் யாரோ ஒருவர் அவருடைய இசைத்தட்டைக் கேட்டு, கண்களை மூடி, நாவைத் துளைகளின்மேல் மெல்ல வைத்துப் பார்த்திருப்பார். காணாததைக் கேட்டே கற்ற அத்தகையோரால்தான் அக்கலை நம் காலம்வரை வந்து சேர்ந்திருக்கிறது. இனி, திருவிழாக் கடையில் அந்தச் சிறு கருவியைக் காணும்போது, அதைப் பொம்மை என்று கடந்துபோக நமக்கு மனம் வாராது.